பேடா, பெசரியா, கதீட்டரா? பெண்களின் சிறுநீர்க் கசிவுக்கு எதை, எப்போது தேர்ந்தெடுப்பது

இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிய ஆரம்பித்தால் பெண்கள் முதலில் தேடுவது அலமாரியில் இருக்கும் மாதவிடாய் நாப்கினைத்தான். கைக்குப் பக்கத்தில் இருக்கிறது, பழகிய பொருள், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அது இந்த வேலைக்குச் செய்யப்பட்டதில்லை. மாதவிடாய் ரத்தம் கொழகொழப்பானது, மெதுவாக இறங்குவது. ஒரு சுழற்சி முழுவதும் சேர்த்தாலும் பெரும்பாலும் 80 மில்லிக்குள் அடங்கிவிடும். சிறுநீர் தண்ணீரைப் போல ஓடும். ஒரு பலமான தும்மலில் ஒரு தேக்கரண்டி அளவு ஒரே நொடியில் விழலாம். நிறைந்த சிறுநீர்ப்பையிலிருந்து அடக்க முடியாமல் வரும்போது நொடிக்கு 20 மில்லிக்கு மேலும் வேகம் இருக்கும். நாப்கினின் மேல் விரிப்பு அதை உள்ளே வாங்குவதற்குள் பாதி ஓரமாக வழிந்துவிடும், மீதி தோலின் மேலேயே ஈரமாக நிற்கும்.

கடை அலமாரியில் 'பெண்களுக்கானது' என்ற எழுத்தோடு நிற்பவற்றில் பல, நிறத்திலும் உறையிலும் மட்டுமே பெண்களுக்கானவை. உண்மையில் வித்தியாசம் வர வேண்டிய இடங்கள் வேறு. பெண்ணின் சிறுநீர்க் குழாய் சுமார் 4 செ.மீ. நீளம்தான், ஆணுக்கோ சுமார் 20 செ.மீ. சிறுநீர் விழும் இடம் முன்பக்கம் இல்லை, தொடைகளுக்கு நடுவே. துளை நேராகக் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்திலேயே யோனி இருப்பதால் அதன் வழியே குழாய்க்கு முட்டுக்கொடுக்கும் வசதி உண்டு, அதன் வழியே புண்ணாகும் வாய்ப்பும் உண்டு. மாதவிடாய், பிரசவம், மாதவிடாய் நிற்றல் என ஒவ்வொரு கட்டத்திலும் அந்தத் தோலும் தசையும் மாறுகின்றன. கீழே வரும் ஒவ்வொரு பொருளையும் இவற்றை வைத்துத்தான் எடைபோட்டிருக்கிறோம்.

முதலில் தராசு, பிறகு கடை

எடைபோடுவது என்று சொன்னது உவமைக்காக இல்லை. 1 கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று போதும். காய்ந்த பேடை அதன் உறையோடு எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தியபின் அதே உறையில் சுற்றி, காற்றுப் புகாத கவரில் போட்டு மறுபடி எடைபோடுங்கள் (கவரின் எடையைக் கழித்துவிட வேண்டும்). கூடியிருக்கும் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மில்லி சிறுநீர். 24 மணி நேரத்துக்கு எல்லா பேடுகளையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தம் தெரியும். 4 கிராமுக்குள் இருந்தால் வியர்வையும் வெள்ளைப்படுதலுமாகவே இருக்கலாம். மொத்தத்தைவிட முக்கியமான இன்னொரு எண்ணும் இதில் கிடைக்கும்: ஒரே ஒரு பேடில் ஏறிய அதிகபட்ச அளவு. நாள் முழுக்க 60 மில்லி கசிந்தாலும் ஒரு தடவைக்கு 8 மில்லிதான் என்றால் மெல்லிய பேட் போதும். மொத்தமே 60 மில்லிதான், ஆனால் அது ஒரே வீச்சில் வருகிறது என்றால் மெல்லிய பேட் எத்தனை மாற்றினாலும் உடை நனையும்.

கூடவே மூன்று நாளுக்கு ஒரு குறிப்பேடு. எத்தனை மணிக்குச் சிறுநீர் கழித்தீர்கள், அளவுக் குவளையில் எவ்வளவு இருந்தது, என்ன குடித்தீர்கள், கசிந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். கடைசிக் கேள்விதான் கசிவின் வகையைக் காட்டிக்கொடுக்கும். இருமல், சிரிப்பு, குதித்தல், கனம் தூக்குதல் ஆகியவற்றின்போது வந்தால் அழுத்தக் கசிவு. திடீரென்று முட்டிக்கொண்டு வந்து, கழிப்பறைக் கதவைத் திறப்பதற்குள் போய்விட்டால் அவசரக் கசிவு. இரண்டும் கலந்திருப்பதும் சகஜம். மூன்றாவது வகையில்தான் ஏமாந்துபோவோம்: பை முழுதாகக் காலியாகாமல், நிரம்பிய குடம் போல எந்நேரமும் சொட்டுச் சொட்டாக வழியும். இதற்கு எவ்வளவு நல்ல பேட் வைத்தாலும் அது சிக்கலை மறைக்கத்தான் செய்யும். சிறுநீர் கழித்த பிறகும் பையில் மிச்சம் நிற்கிறதா என்று ஸ்கேனில் பார்ப்பது சில நிமிட வேலை.

சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், சிறுநீரே போகாமல் அடைத்துக்கொள்வது, கால் இடுக்கிலோ பிட்டத்திலோ திடீர் மரத்துப்போதல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் பொருள் தேடுவதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பேட்: உள்ளே என்ன இருக்கிறது என்பதே விஷயம்

சிறுநீருக்கான நல்ல பேடைக் கத்தரித்துப் பார்த்தால் நான்கு அடுக்கு தெரியும். தோலில் படும் மெல்லிய விரிப்பு, அதன்கீழ் பஞ்சு போலத் தளர்வான ஒரு பட்டை, பிறகு பஞ்சுக்கூழும் வெள்ளைத் துகள்களும் கலந்த நடுப்பகுதி, கடைசியில் கசியாத பிளாஸ்டிக் தாள். விலை குறைந்த பேடுகளில் காணாமல்போவது பெரும்பாலும் இரண்டாவது பட்டைதான். அதன் வேலை விழுந்த சிறுநீரைச் சட்டென வாங்கி நீளவாட்டில் பரப்புவது. அது இல்லாவிட்டால் விழுந்த இடத்திலேயே குளம் கட்டும், ஓரத்தில் வழியும், பேடின் முக்கால்வாசி காய்ந்தே கிடக்கும்.

வெள்ளைத் துகள் என்பது சோடியம் பாலிஅக்ரிலேட். உப்பு கலந்த நீரைத் தன் எடையைப் போல 30 மடங்குக்கு மேல் குடித்து ஜெல்லாக இறுகிவிடும். காய்ச்சி வடித்த நீர் என்றால் நூற்றுக்கணக்கான மடங்கு குடிக்கும். கடையில் செய்துகாட்டும் வண்ணநீர் வித்தையில் வெறும் நீரை ஊற்றினால் எந்த பேடும் அசத்தும். சிறுநீரில் உப்பு இருப்பதால் உடம்பில் அந்தக் கணக்கு வராது. அதேபோல உறையில் அச்சிட்ட கொள்ளளவு எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். ஐஎஸ்ஓ 11948-1 என்ற ஆய்வகச் சோதனை பேடை முழுதாக நீரில் ஊறவைத்து, வடியவிட்டு எடைபோடுகிறது. யாரும் பேடின் மேல் உட்காருவதில்லை, தொடை நெருக்குவதில்லை, ஒரே இடத்தில் வேகமாக விழுவதுமில்லை. உடம்பில் இருக்கும்போது அந்த எண்ணுக்கு வெகுமுன்னாலேயே ஓரம் நனையும். உறைகளில் போடும் சொட்டுப் படங்களுக்கோ எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவே கிடையாது. ஒன்றின் நான்கு சொட்டு இன்னொன்றின் இரண்டு சொட்டாக இருக்கலாம்.

ஒப்பிட வேண்டுமென்றால் வீட்டிலேயே செய்யலாம். ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து வெதுவெதுப்பாக்குங்கள். பேடைத் தட்டையாக விரித்து, நடுவில் 30 மில்லியை மூன்று நொடிக்குள் ஊற்றுங்கள். மேற்பரப்பில் நீர் நிற்காமல் மறைய எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். பத்து நிமிடம் கழித்து அதே இடத்தில் இன்னொரு 30, மேலும் பத்து நிமிடம் கழித்து மூன்றாவது 30. முதல் தடவையில் பல பேடுகள் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். மூன்றாவதில்தான் குட்டு வெளிப்படும்: துகள்கள் ஏற்கெனவே வீங்கி வழியை அடைத்துக்கொண்ட பேடில் நீர் மேலேயே தேங்கும். அதன்பின் எடைபோட்டு வைத்த டிஷ்யூ மடிப்பு ஒன்றை மேலே வைத்து, அதன்மேல் ஒரு கிலோ எடையை ஒரு நிமிடம் வையுங்கள். டிஷ்யூவின் எடை எவ்வளவு கூடுகிறதோ, உட்காரும்போது அவ்வளவு ஈரம் உங்கள் தோலுக்குத் திரும்பி வரும். சொட்டுப் படத்தைவிட இந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம்.

நல்ல பேடும் தோற்றுப்போகும் இடங்கள் சில உண்டு. தளர்ந்த உள்ளாடைக்குள் தொங்கும் பேட், உடம்புக்கும் தனக்கும் நடுவே விட்ட இடைவெளியில் எல்லாவற்றையும் வழியவிடும். உடலை ஒட்டிய, காலிடுக்கில் எலாஸ்டிக் உள்ள உள்ளாடையே பாதி வேலையைச் செய்கிறது. பேடின் மேல் பேட் வைப்பதால் பலன் இல்லை, ஏனென்றால் மேல் பேடின் அடித்தாள் நீரைக் கீழே விடவே விடாது. கனம் மட்டும் கூடும், உயரம் ஏறியதால் ஓரம் இன்னும் எளிதாக வழியும். (அடித்தாள் இல்லாத, இதற்கென்றே செய்த கூடுதல் பட்டைகள் வேறு.) நிற்கும்போதும் நடக்கும்போதும் கசிபவர்கள் பேடைச் சற்று முன்தள்ளி ஒட்டலாம். மல்லாந்து படுக்கும்போது நீர் பின்பக்கமாகத்தான் ஓடும், அதனால் இரவுக்குப் பின்புறம் அகன்றது தேவை. முன்பக்கம் தடித்து, பின்பக்கம் ஒடுங்கியது ஆண்களுக்கான வார்ப்பு. அதை எடுத்து வைத்துக்கொண்டு 'பேடே சரியில்லை' என்று நொந்துகொள்ள வேண்டாம்.

மாதவிடாயும் கசிவும் ஒரே நாளில் வந்தால்? மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் இது அடிக்கடி நேரும், வடிவமைப்பாளர்கள் அதிகம் மறப்பதும் இதைத்தான். கெட்டியான ரத்தம் மேல் விரிப்பின் துளைகளை அடைத்துக்கொண்டால் சிறுநீர் உள்ளே இறங்காது. அந்த நாள்களில் சிறுநீர் பேடையே வைத்து, வழக்கத்தைவிட அடிக்கடி மாற்றுவதே நடைமுறையில் சரிவரும். மாதவிடாய்க் கப் வைப்பவர்களுக்கு இன்னொரு விஷயம்: பெரிய அல்லது கடினமான கப் சிறுநீர்க் குழாயை அழுத்தி, சிறுநீர் மெதுவாகப் போகவோ அடிக்கடி முட்டவோ செய்யலாம். கப் வைத்த நாளில் மட்டும் தொல்லை என்றால் சிறிய, மென்மையான கப்புக்கு மாறிப் பாருங்கள்.

தோல் விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். நின்ற சிறுநீரில் உள்ள யூரியாவைக் கிருமிகள் அம்மோனியாவாக உடைக்கும், தோலின் இயல்பான அமிலத்தன்மை கெடும், அந்த இடம் சிவந்து எரியும். துர்நாற்றத்துக்கும் காரணம் அதுதான். அதற்கு வாசனை பேடை வாங்குவது புண்ணின்மேல் அத்தர் பூசுவது போல. வாசனைப் பொருள்கள் பிறப்புறுப்புத் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும். நேரத்துக்கு மாற்றுவதும், வெறும் நீரிலோ சோப்பில்லாத மென்மையான கழுவியிலோ கழுவி ஒற்றி எடுப்பதும் போதும். தடுப்புக் க்ரீம் தடவுவதானால் பட்டாணி அளவு. வாஸ்லின் அல்லது துத்தநாக க்ரீமை அப்பிவைத்தால் அது பேடின் மேல் விரிப்பில் ஒட்டி, நீர் இறங்கும் வழியையே அடைத்துவிடும். பேட் திடீரென்று வேலை செய்யவில்லை என்ற புகாருக்குப் பின்னால் பலமுறை ஒரு க்ரீம் டப்பா இருக்கும்.

துவைத்துப் போடும் உள்ளாடை

சொட்டு சொட்டாக, ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டிக்குள் கசிபவர்களுக்கு இதுதான் எங்கள் முதல் சிபாரிசு. சத்தம் வராது, பிதுங்காது, குப்பை சேராது. ஆனால் தீர்மானிக்கும் கேள்வி கொள்ளளவு இல்லை: வெளியில் இருக்கும்போது நடுவில் மாற்ற வேண்டியிருக்குமா? பேடை ஒரு நிமிடத்தில் மாற்றலாம். உள்ளாடையை மாற்றக் கீழாடை, செருப்பு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், நனைந்ததைப் பையில் சுமக்க வேண்டும். காலையில் போட்டு மாலையில் கழற்றும் அளவுக்குக் கசிவு குறைவாக இருந்தால் உள்ளாடை, இல்லையேல் பேட்.

இவை கெட்டுப்போவது பெரும்பாலும் துவைக்கும் கல்லில்தான். துணி மென்மையாக்கும் திரவம் இழைகளின்மேல் மெழுகுபோலப் படிந்து உறிஞ்சவிடாமல் செய்யும். பிளீச்சும் கொதிநீரும் உலர்த்தியின் அதிகச் சூடும் அடியில் உள்ள நீர்காப்புப் படலத்தைப் பிளக்கும். அது பிளந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஒருநாள் நாற்காலிதான் சொல்லும். கழற்றியவுடன் பச்சைத் தண்ணீரில் அலசி, 40 டிகிரிக்குள் துவைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பல அடுக்கு என்பதால் மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போலிருந்தும் உள்ளே ஈரம் நிற்கும். துவைத்தபின்னும் வாடை போகவில்லை என்றால் காரணம் அதுவாகத்தான் இருக்கும். நாளுக்கு இரண்டு, காய இரண்டு நாள் என்றால் குறைந்தது ஆறு வேண்டும். இரண்டை மட்டும் வாங்கிவிட்டு, அரை ஈரத்தில் போட்டுக்கொண்டு தோல் புண்ணானவர்கள் உண்டு.

டயப்பர் வகையில் இரண்டு: ஜட்டிபோல மாட்டுவதும் பக்கவாட்டில் ஒட்டுவதும். நடமாடுபவருக்கு முதலாவது. படுத்த படுக்கையில் இருப்பவருக்கு இரண்டாவது, ஏனெனில் காலைத் தூக்காமலே மாற்றலாம். இடுப்புச் சுற்றளவையும் பிட்டச் சுற்றளவையும் அளந்து, இரண்டில் பெரியதை வைத்து அளவு எடுங்கள். 'பெரிதாக இருந்தால் அதிகம் பிடிக்கும்' என்று ஒரு அளவு கூட்டி வாங்கினால் காலிடுக்கு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

பெசரி: வெளியே பிடிப்பதற்குப் பதில் உள்ளே நிறுத்துவது

இதுவரை சொன்னவை எல்லாம் கசிந்ததைப் பிடிப்பவை. பெசரி கசியாமல் தடுக்கிறது. ஒரு பக்கம் குமிழ் உள்ள மென்மையான சிலிகான் வளையம் யோனிக்குள் இருந்துகொண்டு, சிறுநீர்க் குழாய்க்குக் கீழிருந்து முட்டுக்கொடுக்கும். இருமும்போது குழாய் சரியாமல் நிற்கும். அழுத்தக் கசிவுக்கு மட்டும்தான். அவசரக் கசிவுக்கு இதனால் பயன் எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரு பெண்ணின் உடம்பை நேரடியாக வைத்து வடிவமைத்த சில பொருள்களில் இதுவும் ஒன்று. ஆனால் அளவு எடுப்பது மருத்துவர் அல்லது பயிற்சி பெற்ற செவிலியர் கையில் இருக்கிறது. பொருத்தியபின் வளையத்துக்கும் யோனிச் சுவருக்கும் நடுவே விரல் நுழைய வேண்டும். எழுந்து நடந்து, குந்தி, இருமிப் பார்க்க வேண்டும். வெளியே கிளம்புமுன் ஒருமுறை சிறுநீர் கழித்துக் காட்டிவிட்டுத்தான் வர வேண்டும். அளவு சிறிதானால் மலம் கழிக்க முக்கும்போது விழுந்துவிடும். பெரிதானால் சிறுநீர் போகாது, அழுத்திய இடம் புண்ணாகும். பெசரி இருப்பதே உணர்வில் தெரியக்கூடாது, அதுதான் சரியான அளவு.

மாதவிடாய் நின்றவர்களுக்கு யோனிச் சுவர் மெலிந்து வறண்டிருப்பதால் வளையம் உரசிப் புண்ணாக்கும் வாய்ப்பு அதிகம். யோனிக்குள் வைக்கும் ஈஸ்ட்ரோஜன் க்ரீமை மருத்துவர் சேர்த்துக் கொடுப்பது இதனால்தான். புதிதாக ரத்தம் தட்டினாலோ நாற்றத்தோடு திரவம் வந்தாலோ கழற்றிவிட்டுக் காட்ட வேண்டும். வைத்ததையே மறந்து வருடக்கணக்கில் விட்டால் சுவரை அரித்துச் சிறுநீர்ப்பைக்கோ மலக்குடலுக்கோ ஓட்டை விழும் அளவுக்குப் போகலாம். கருப்பை இறக்கத்துக்காக வளையம் வைத்ததும், அதுவரை இல்லாத கசிவு சிலருக்குத் தொடங்குவது இன்னொரு ஆச்சரியம். இறங்கிய உறுப்பு குழாயை மடக்கி வைத்திருந்தது, வளையம் அதை நிமிர்த்தியதும் ஒளிந்திருந்த கசிவு வெளிவருகிறது. வளையம் தப்பில்லை, குமிழ் உள்ள வகைக்கு மாற்றிப் பார்க்கலாம்.

தானே கழற்றி மாட்ட முடியுமா என்பதுதான் நீண்ட நாள் ஓடுமா என்பதைத் தீர்மானிக்கும். மூட்டுவாதம் உள்ள விரலால் வளையத்தை மடித்துப் பிடிப்பது கடினம். பல் இடுக்கு நூலை வளையத்தில் கட்டி, இழுத்து எடுக்க வசதி செய்துகொடுப்பது வழக்கம். வடிவமைப்பவர்கள் இந்த இழுப்பு வாலை வளையத்தோடு சேர்த்தே வார்த்துவிட்டால் எவ்வளவோ பேருக்கு உதவும்.

டாம்பூன் போல ஒருமுறை வைத்து எறியும் முட்டுகளும் உண்டு. ஓட்டப்பயிற்சி, விளையாட்டு போன்ற சில மணி நேரத்துக்கு நல்லது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பும் இவற்றை அன்றாடத்துக்குப் பரிந்துரைப்பதில்லை, உடற்பயிற்சி போன்ற அவ்வப்போதைய தேவைக்கு மட்டுமே ஏற்கிறது. பிரசவமான முதல் ஆறு வாரம் உள்ளே எதையும் வைக்கக் கூடாது.

தசைப் பயிற்சிக் கருவிகள்: அவசரப்பட்டு வாங்காதீர்கள்

உள்ளே வைத்தால் போனில் கோடு காட்டும் கருவிகள், எடைக் கூம்புகள், மின்னதிர்வு பெட்டிகள் என்று இந்தச் சந்தை பெருகிவிட்டது. கருவியை விடப் பயிற்சிதான் வேலை செய்கிறது. 2020இல் வெளியான ஓபல் ஆய்வில் 600 பெண்களில் ஒரு பாதிக்கு இடுப்புத்தளத் தசைகளுக்கான (சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசைகள்) பயிற்சி மட்டும், மறுபாதிக்கு அதோடு தசை இயக்கத்தைத் திரையில் காட்டும் கருவியும் கொடுத்தார்கள். இரண்டு வருட முடிவில் கசிவில் இரு தரப்புக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. இன்னொரு ஆய்வில் அழுத்தக் கசிவு உள்ள 446 பெண்களைப் பெசரி, பயிற்சி, இரண்டும் சேர்ந்தது என்று பிரித்தார்கள். மூன்றாம் மாதம் பயிற்சி முந்தியது, ஒரு வருடத்தில் இடைவெளி மறைந்தது. பெசரி வைத்த உடனே பலன் தரும், பயிற்சி பலன் தரச் சில வாரங்கள் பிடிக்கும், இரண்டையும் சேர்த்துச் செய்வதிலும் தடை இல்லை.

பயிற்சியின் அளவு இதுதான்: ஒரு தடவைக்குக் குறைந்தது 8 இறுக்கம், நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம், முடிந்தால் ஒரு பிசியோதெரபிஸ்ட் சரிபார்த்தபின். வாயு பிரியாமல் அடக்குவதுபோல உள்ளிழுத்து மேலே தூக்க வேண்டும். வயிற்றையோ தொடையையோ இறுக்கினால், மூச்சைப் பிடித்தால், அது வேறு தசை. கீழ்நோக்கி முக்குவது இருப்பதையும் கெடுக்கும். இருமல் வரப்போகிறது என்று தெரிந்த நொடியில் முன்கூட்டியே ஒரு இறுக்கு இறுக்கிக்கொள்வது மட்டுமே சிலருக்கு ஒரு வாரத்தில் வித்தியாசம் காட்டும். எந்தத் தசை என்றே உணர முடியாதவர்களுக்குத்தான் கருவி உண்மையில் உதவும்.

அவசரக் கசிவுக்கு வழி வேறு: முட்டியதும் ஓடாமல், நின்று தசையை இறுக்கி, உந்துதல் தணிந்தபின் நடப்பது. கழிக்கும் இடைவெளியை 15 நிமிடம் 15 நிமிடமாகக் கூட்டுவது. ஆறு வாரமாவது செய்தால்தான் தெரியும். தண்ணீரைக் குறைக்கிறேன் என்று நாவறண்டு கிடந்தால் சிறுநீர் அடர்ந்து பையை இன்னும் உறுத்தும், மலச்சிக்கலும் சேரும், நிறைந்த மலக்குடல் பையை அழுத்தும். குறைக்க வேண்டியது காபியும் டீயும்.

கதீட்டர்: சுருக்கிய ஆண் குழாயா, பெண்ணுக்கான குழாயா?

நரம்புப் பாதிப்பாலோ அறுவைச் சிகிச்சைக்குப் பின்போ பை தானாகக் காலியாகாதவர்கள், நாளுக்கு நாலிலிருந்து ஆறு முறை கதீட்டர் என்ற மெல்லிய குழாயைத் தானே செலுத்திக் காலிசெய்து உடனே எடுத்துவிடுகிறார்கள். ஒரு தடவையில் வரும் அளவு 400-500 மில்லியைத் தாண்டாதபடி இடைவெளி வைத்துக்கொள்வது விதி. வருடத்துக்கு ஏறக்குறைய 1500 தடவையோ அதற்கு மேலோ கைவைக்கும் பொருள் இது. எனவே சின்ன அசௌகரியமும் பெரிதாகும்.

முதல் தேர்வு நீளம். ஆண்களுக்கான குழாய் சுமார் 40 செ.மீ. பெண்ணுக்கு அதில் உள்ளே போவது சில சென்டிமீட்டர்தான், மீதி தொங்கிக்கொண்டு கையையும் உடையையும் தொடும். அதனால் வந்ததே உதட்டுச்சாயக் குப்பி அளவுக் குட்டிக் குழாய். கைப்பையில் யாருக்கும் தெரியாது, கழிப்பறையில் உட்கார்ந்தபடி செய்ய வசதி. ஆனால் 'பெண் என்றால் குட்டை' என்பதும் அரைகுறை வடிவமைப்புதான். சக்கர நாற்காலியில் இருந்தபடியே காலிசெய்பவருக்கு அந்தக் குழாயின் முனை கிண்ணத்தை எட்டாது, நாற்காலி நனையும். உடல் பருமன் உள்ளவருக்கும் பிடிமானம் போதாது. அவர்களுக்கு 20 செ.மீ.க்கு மேற்பட்டதோ சிறுநீரைச் சேகரிக்கும் பையோடு இணைந்ததோதான் சரி. வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: நான் இதைச் செய்யப்போவது எங்கே, எப்படி உட்கார்ந்து?

தடிமனை சாரியர் எண்ணில் சொல்வார்கள். மூன்று எண் ஒரு மில்லிமீட்டர், ஆக 12 என்றால் 4 மி.மீ. பெண்களுக்குப் பெரும்பாலும் 10 முதல் 14 வரை. பின்முனையின் நிறமே அளவைச் சொல்லும்: 10 கறுப்பு, 12 வெள்ளை, 14 பச்சை. பூச்சில்லாத குழாய்க்கு ஜெல் தடவ வேண்டும். நீரேற்ற வழுவழுப்புப் பூச்சுள்ளதற்கு வேண்டாம், சில வகைக்கு நீரில் 30 நொடி நனைத்தால் போதும், பல இப்போது நனைந்தபடியே உறையில் வருகின்றன. இந்தப் பூச்சு ஒருமுறைக்கு மட்டும். கழுவி மறுபடி செலுத்தினால் காய்ந்த பூச்சு சுவரில் ஒட்டி இழுக்கும்.

குழாயின் முனையில் வழக்கமாக இரண்டு கண்கள் இருக்கும். பை காலியாகி வரும்போது அதன் உட்சுவர் உறிஞ்சப்பட்டுக் கண்ணில் ஒட்டிக்கொள்ளும், ஓட்டம் நின்றுவிடும். முடிந்தது என்று எடுத்துவிட்டால் மிச்சம் தங்கி, அதில் கிருமி வளரும். அதனால் ஓட்டம் நின்றதும் ஒரு சென்டிமீட்டர் இழுத்து, சற்றுக் காத்து, லேசாகத் திருப்பி, மறுபடி இழுக்க வேண்டும். இரண்டு பெரிய கண்களுக்குப் பதில் பல நுண்துளைகள் கொண்ட குழாய்கள் அண்மை ஆண்டுகளில் வந்திருக்கின்றன. உறிஞ்சல் பல இடங்களில் பிரிந்துவிடுவதால் சுவர் சிக்குவது குறைகிறது, இடையில் நகர்த்தும் வேலையும் குறைகிறது. அடிக்கடி தொற்று வருபவர்கள் செவிலியரிடம் இந்த வகையைக் கேட்டுப் பார்க்கலாம்.

பெண்களுக்கே உரிய சிக்கல் துளையைக் கண்டுபிடிப்பது. ஆரம்பத்தில் கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு விரல் தானே பழகிவிடும். மாதவிடாய் நின்றபின் துளை சற்று உள்வாங்கி யோனியின் மேல்சுவர்ப் பக்கம் போய்விடுவதும் உண்டு. குழாய் தவறி யோனிக்குள் போய்விட்டால் சிறுநீர் வராது. பதறி எடுக்க வேண்டாம், அதை அங்கேயே அடையாளமாக விட்டுவிட்டு, புதிய குழாயை அதற்கு மேலே செலுத்துங்கள். எடுத்ததையே மறுபடி செலுத்தினால் கிருமியையும் சேர்த்துச் செலுத்துவதாகும். உறை பிரிப்பதையும் சோதித்து வாங்குங்கள்: ஈரக் கையால், ஒரு கை உதட்டுமடிப்பை விரித்துப் பிடித்திருக்க, மறு கையால் மட்டும் குழாயைப் பிடித்துச் செலுத்த முடிகிறதா? அழகான குப்பி திறக்கவே இரண்டு கையும் கேட்டால் அந்த அழகால் பயனில்லை.

எப்போதும் உள்ளேயே இருக்கும் பலூன் கதீட்டர் கடைசி வழி. அதன் பக்கவாட்டில் சிறுநீர் கசிந்தால் 'குழாய் சிறிது, பெரியது போடுங்கள்' என்பார்கள். பெரும்பாலும் காரணம் பை துடிப்பதோ, மலச்சிக்கலோ, குழாய் மடங்கியதோதான். அளவை ஏற்றிக்கொண்டே போனால் அந்த 4 செ.மீ. சிறுநீர்க் குழாய் நிரந்தரமாக விரிந்து, கசிவு இன்னும் கூடும். நீண்ட நாள் தேவையென்றால் அடிவயிறு வழியாக வைப்பதைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

படுக்கையில் இருப்பவருக்கு, உதட்டுமடிப்புகளுக்கு நடுவே வைத்து மெல்லிய உறிஞ்சலில் சிறுநீரை இழுக்கும் வெளித்திரிகளும் உண்டு. 8 முதல் 12 மணி நேரத்துக்கொருமுறை மாற்றி, தோலைப் பார்க்க வேண்டும். அடிக்கடி புரண்டு படுப்பவருக்கு அது நகர்ந்துவிடும், படுக்கைதான் நனையும்.

எதை எடுத்தாலும் முதலில் சின்னப் பொதி. மூன்று நாள் வீட்டில், ஒரு நாள் வெளியில் பயன்படுத்தி, நனைந்ததா, எங்கே, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சியும் கூடவே நடந்தால் மூன்று மாதம் கழித்து அதே தராசில் அதே 24 மணி நேரக் கணக்கை மறுபடி போடுங்கள். எண் இறங்கியிருந்தால் அடுத்த பொதியை ஒரு அளவு குறைத்து வாங்குங்கள்.